கடைமடை வரலாறு – 9: கோட்டை போனது, கொம்யூன் வந்தது

தரங்கம்பாடியை விட்டுத் தெற்கே இறங்குகிறோம். டேனிஷ்காரர்களுக்குச் சென்ற இதழோடு விடை கொடுத்தாயிற்று. இனி பிரெஞ்சுக்காரர்களின் முறை. நண்டலாற்றைத் தாண்டினால் காரைக்கால் எல்லை. மண்டபத்தூர், காளிக்குப்பம், அக்கம்பேட்டை, கோட்டுச்சேரிமேடு, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு என்று மீனவர் ஊர்கள் கரையோரமாக வரிசைகட்டி நிற்கும். நிரவிப் பக்கம் கருக்களாச்சேரி என்று ஓர் ஊர் உண்டு. இன்றைக்குப் போய்ப் பார்ப்பவர் வலையையும் படகையும் பார்த்துவிட்டுத் திரும்புவார். 1738இல் புதுச்சேரி கவர்னர் துய்மாவின் கண் பட்டது இந்தப் பெயரின் மேல்தான். அங்கே தஞ்சாவூர் ராஜாவின் கோட்டை ஒன்று இருந்தது.

துய்மா வியாபாரி, சண்டைப்பிரியர் அல்லர். அவருக்குத் தேவைப்பட்டது நெல். புதுச்சேரியைச் சுற்றியிருந்த செம்மண் காடு அந்த நகரத்துக்குச் சோறு போடாது. காவிரி கடைசியாகப் பிரிந்து கடலில் விழுகிற இடத்தில் காலூன்றினால் அரிசிக்குக் கவலையில்லை, துணிக்கும் குறையில்லை. அந்த நேரம் பார்த்துத் தஞ்சையில் அரியணைச் சண்டை. ஆட்சியை இழந்து சிதம்பரத்தில் தஞ்சம் புகுந்திருந்த சாயாஜி, உதவி கேட்டுப் புதுச்சேரிக்கு ஆள் அனுப்பினார். காரைக்கால் ஊர், கருக்களாச்சேரிக் கோட்டை, கூடவே ஐந்து கிராமம்; விலை 40,000 சக்கரம் என்று பேச்சு முடிந்தது.

பணம் கைமாறி ராஜா மறுபடி அரியணை ஏறியதும் பேச்சு மாறியது. நாகப்பட்டினத்து டச்சுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? காரைக்காலில் பிரெஞ்சுக்காரன் கடை விரித்தால் தங்கள் பிழைப்பு போய்விடும் என்று ராஜாவின் காதில் ஓதினார்கள். துய்மா அனுப்பிய கப்பல்கள் காரைக்கால் கடலில் நங்கூரம் பாய்ச்சி நின்றன, கரையிறங்க விடவில்லை. முடிச்சை அவிழ்த்தவர் ஆர்க்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப். தஞ்சாவூரோடு அவருக்கு ஏற்கெனவே பகை. தன் படையை அனுப்பிக் காரைக்காலைப் பிடித்து, பிரெஞ்சுக்காரர் கையில் கொடுத்துவிட்டார். 1739 பிப்ரவரி 14 அன்று கொடி ஏறியது. விலைக்கு வாங்கிய ஊரை இன்னொருவன் படையைக் கொண்டு மீட்டு அனுபவிக்க வேண்டியிருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காரைக்காலில் உள்ளாட்சி என்ற ஒன்று பின்னாளில் எப்படி நடந்தது என்பதற்கு இந்தப் பிறப்பே ஜாதகம்.

அன்றைய கரையை ஒருமுறை பார்த்துவிடலாம். வடக்கே கொள்ளிட முகத்துவாரத்தில் தேவிக்கோட்டை. 1749இல் ஆங்கிலேயர் பிடித்தது. அதற்குத் தெற்கே தரங்கம்பாடியில் 1620 முதல் டேனிஷ்காரர். பிறகு காரைக்கால். அதற்கும் தெற்கே நாகப்பட்டினத்தில் 1658 முதல் டச்சுக்காரர். ஒவ்வொன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு நாள் நடை. நான்கு கொடி, நான்கு பீரங்கி வரிசை, நான்கு கணக்கு. நடுவில் கட்டுமரத்தில் போகிறவன் எந்தக் கொடிக்கு எந்த நாளில் சலாம் போடுவது என்று தெரியாமல் தவித்திருப்பான். ஆனாலும் அவன் இல்லாமல் எந்தக் கோட்டைக்கும் காரியம் நடக்காது. பெரிய கப்பல்கள் ஆழத்தில் நின்றுவிடும். அலை உடைகிற இடத்தைத் தாண்டி ஆளையும் மூட்டையையும் பீப்பாயையும் கரை சேர்ப்பது சலங்குப் படகுக்காரன் வேலை. சுவர் பூசுவதற்கும் இந்தக் கரையில் கிடைத்தது கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்புதான். கோட்டையின் உயரத்தை வரலாற்றுப் புத்தகங்கள் எழுதிவைத்திருக்கின்றன; கூலிக் கணக்கை எழுதவில்லை.

கோட்டைக் காலத்து நிர்வாகம் எப்படி இருந்தது? சுருக்கமாகச் சொன்னால், துரை சொன்னது சட்டம். காரைக்காலுக்கு ஒரு தலைவர். அவருக்கு மேலே புதுச்சேரிக் கவுன்சில். அவரே வியாபாரக் கும்பெனியின் முகவர், அவரே நீதிபதி, சண்டை வந்தால் அவரே தளபதி. கீழே கணக்கும் வரியும் பழைய தஞ்சாவூர் வழியிலேயே ஓடின. நாட்டார் இருந்தார்கள், மிராசுதார் இருந்தார்கள், கணக்குப்பிள்ளை ஓலையில் எழுதினார், கிராமங்கள் குத்தகைக்குப் போயின. 1749 கடைசியில் புதுச்சேரி கவர்னர் துய்ப்ளெக்ஸின் படையும் சந்தா சாகிபும் தஞ்சாவூரை முற்றுகையிட்டபோது, தஞ்சை ராஜா பிரதாப சிங் வேறு வழியில்லாமல் காரைக்காலைச் சுற்றி 81 கிராமங்களை விட்டுக்கொடுத்தார். அந்த 81 ஊர் மக்களுக்கும் ஆண்டை மாறினாரே தவிர கணக்குப்பிள்ளை மாறவில்லை.

கோட்டையின் ஆயுள் குறைவு. 1760இல் ஆங்கிலேயர் கடல் வழியாகவும் தரை வழியாகவும் வந்து இறங்கினார்கள். காரைக்காலில் அப்போது பொறுப்பில் இருந்தவர் ரெனோ. இவர் பெயரைக் கேட்டதும் வங்காளத்து வரலாறு படித்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1757இல் கிளைவிடம் சந்திரநாகூரைப் பறிகொடுத்த அதே ரெனோதான். அங்கே அவர் வீரமாகவே போராடினார் என்று எதிரியே ஒப்புக்கொண்டான். காரைக்காலில் நீண்ட நாள் தாக்குப்பிடிக்காமல் ஏப்ரல் 5 அன்று சாவியைக் கொடுத்துவிட்டார். ராணுவ விசாரணை வைத்து அவரை அவமானப்படுத்தி அனுப்பினார்கள். எனக்கென்னவோ அந்த மனிதர்மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு. ஒருவருக்கு ஒரு கோட்டையை இழப்பதே அதிகம்.

அடுத்த அறுபது வருஷத்தில் காரைக்கால் பந்துபோல உருண்டது. 1765இல் திரும்பக் கொடுத்தார்கள், 1778இல் பிடித்தார்கள், 1783 உடன்படிக்கையில் மறுபடி கொடுத்தார்கள், 1793இல் மறுபடி பிடித்தார்கள். 1783 உடன்படிக்கையில் ஒரு விவரம் கவனிக்கத்தக்கது. காரைக்காலோடு அதை ஒட்டிய நான்கு மாகாணங்களும் சேர்த்துத் தரப்படும் என்று வெர்சாயில் எழுதினார்கள். தஞ்சை மராட்டியர் வரி வசூலுக்காக ஊர்களைக் கூட்டிக் கட்டிய தொகுதிகளுக்கு மாகாணம் என்று பெயர். பாரீஸுக்குப் பக்கத்து அரண்மனையில், கண்ணாடி மண்டபங்களுக்கு நடுவே, தஞ்சாவூர்க் கணக்கனின் பிரிவுகளை அப்படியே பெயர்கூட மாற்றாமல் ஒப்பந்தத்தில் ஏற்றினார்கள். இதை மறக்க வேண்டாம். சற்று நேரத்தில் இந்த மாகாணம் வேறு வேஷத்தில் வரப்போகிறது.

கடைசியாக நெப்போலியன் விழுந்த பிறகு, 1814 பாரீஸ் உடன்படிக்கை. இந்தியாவில் இழந்த இடங்களை பிரான்ஸ் திரும்பப் பெற்றது. ஆனால் 12ஆம் பிரிவு கையைக் கட்டிப்போட்டது. திரும்பக் கிடைக்கும் இடங்களில் கோட்டை கொத்தளம் எதுவும் கட்டக்கூடாது. ஊர்க்காவலுக்கு வேண்டிய அளவைத் தாண்டிப் படையாட்கள் வைக்கக்கூடாது. அடுத்த ஆண்டு உப்பும் அபினும் பேரத்துக்கு வந்தன. பிரெஞ்சுப் பகுதி உப்பளங்களின் வியாபாரம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. ஈடாக ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய். 1817 ஜனவரி 14 அன்று காரைக்காலில் மறுபடி பிரெஞ்சுக் கொடி ஏறியபோது, அது பீரங்கி இல்லாத கொடி.

இந்தப் 12ஆம் பிரிவு நம் கதைக்கு முக்கியமானது. காரணம், அதே காலத்தில் ஆங்கிலேயர் தங்கள் பக்கத்தில் நேர் எதிர்த் திசையில் போனார்கள். சென்னைக்குப் பக்கத்தில் பரங்கிமலை, பல்லாவரம், நீலகிரியில் வெலிங்டன், திருச்சியில் கண்டோன்மென்ட். படை எங்கே கூடாரம் அடித்ததோ அங்கே கடைத்தெரு முளைத்தது. கடைத்தெரு முளைத்ததும் சாக்கடையும் விளக்கும் தண்ணீரும் யார் பொறுப்பு என்ற கேள்வி முளைத்தது. 1864இல் கண்டோன்மென்ட் சட்டம் கொண்டுவந்தார்கள். 1924 சட்டத்தில்தான் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்கு உருப்படியான இடம் கிடைத்தது. அப்போதும் வாரியத்தின் தலைவர் அந்த இடத்துப் படைத்தலைவரே. 2006இல் வந்த புதிய சட்டத்திலும் அந்த நாற்காலி ராணுவ அதிகாரிக்குத்தான். இன்று தமிழ்நாட்டில் அப்படி இரண்டே வாரியங்கள்: பரங்கிமலை–பல்லாவரம் ஒன்று, வெலிங்டன் ஒன்று. பிறப்புச் சான்றிதழ், வீட்டு வரி, கடை உரிமம், குப்பை வண்டி எல்லாம் அங்கே பாதுகாப்பு அமைச்சகத்தின் குடையின்கீழ். பல்லாவரத்தில் சாலையின் ஒரு பக்கத்துக் குடியிருப்புக்கு ஒரு சட்டம், மறுபக்கத்துக்கு இன்னொன்று. வீட்டில் ஒரு மாடி எழுப்ப வேண்டுமென்றால் எந்த அலுவலகப் படி ஏறுவது என்பது நீங்கள் எந்தப் பக்கத்தில் பிறந்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

காரைக்காலில் படையை எடுத்துவிட்டதால் இந்தத் தொல்லை வரவில்லை. வேறு தொல்லை வந்தது. கோட்டையை ஆண்ட துரை போனபின் ஊரை ஆள ஏதாவது ஒன்று வேண்டும் அல்லவா? சிப்பாய் என்று பெயர் வைத்த காவலர்கள் இருந்தார்கள். (புதுச்சேரி, காரைக்கால் காவலர்களின் சிவப்புத் தொப்பியைப் பார்த்துச் சிரிக்கும் தஞ்சாவூர்க்காரர்கள், அது பாரீஸ் படைத்தொப்பியின் பேரன் என்பதை நினைவில் வைக்கலாம்.) நிர்வாகி ஒருவர் இருந்தார், நீதிமன்றம் இருந்தது. ஊர்க் காரியத்தை ஊரார் பார்க்கும் ஏற்பாடு மட்டும் 1880 வரை வரவில்லை. அந்த ஆண்டு மார்ச் 12 அன்று பாரீஸில் பிறந்த ஆணை, பிரெஞ்சிந்தியாவில் மேயரும் நகரசபையும் கொண்ட பத்து கொம்யூன்களை உண்டாக்கியது. காரைக்காலின் பங்கு மூன்று: காரைக்கால், திருமலைராயன்பட்டினம், நெடுங்காடு. பிரெஞ்சுக்காரர்கள் திருமலைராயன்பட்டினத்தைத் தங்கள் காகிதங்களில் கிராந்த் ஆல்தே என்று எழுதிக்கொண்டார்கள். 1907இல் அவற்றைப் பிரித்து ஆறாக்கினார்கள்; நிரவி, கோட்டுச்சேரி, திருநள்ளாறு சேர்ந்துகொண்டன. மாகாணங்கள் வேஷம் மாறி வந்துவிட்டன, பார்த்தீர்களா? தஞ்சை ராஜாவின் வரித் தொகுதி ஒவ்வொன்றிலும் இப்போது மேயர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். இன்றைக்கும் காரைக்கால் மாவட்டத்தில் ஒரு நகராட்சி, ஐந்து கொம்யூன் பஞ்சாயத்து. கணக்கு அப்படியே ஆறு.

மேயரின் அலுவலகத்துக்கு மேரி என்று பெயர். பழைய ஆட்கள் இன்னும் "மேரிக்குப் போயிட்டு வர்றேன்" என்பார்கள். வெளியூர்க்காரர் காதில் அது மாதாகோயில் என்று விழும். அங்கே நடந்த அலுவல்களில் சாலை, விளக்கு, சந்தை, இடுகாடு எல்லாம் உண்டு. ஆனால் மக்கள் வாழ்க்கைக்குள் நேராக நுழைந்தது எத்தா சிவில், அதாவது பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடு. அந்தப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் பிரித்துப் பார்த்தால் அந்த நிர்வாகத்தின் குணம் தெரியும். தேதியை எண்ணில் எழுத மாட்டார்கள்; ஆயிரத்து எண்ணூற்று என்று தொடங்கி எழுத்தால் நீட்டுவார்கள். குழந்தை பிறந்த மணி, தகப்பன் பெயர், வயது, தொழில், குடியிருக்கும் ஊர். பிறகு சாட்சிகள் இருவர், அவர்களுக்கும் வயதும் தொழிலும். கடைசியில் கையெழுத்து. பிரெஞ்சு வளைவெழுத்துக்கு நடுவே தமிழில் ஒரு கையெழுத்து கோணலாக உட்கார்ந்திருக்கும். எழுதத் தெரியாதவர் என்றால் அதையும் ஒரு வரியில் குறித்திருப்பார்கள். மீன்பிடிக்கிறவன் வீட்டுப் பிறப்புக்கும் மிராசுதார் வீட்டுப் பிறப்புக்கும் ஒரே வாசகம், ஒரே நீளம். பிரிட்டிஷ் பக்கத்தில் அந்தக் காலத்தில் பிறந்த ஒரு மீனவரின் பிறந்த நாளைக் கண்டுபிடிக்கப் பாருங்கள், வித்தியாசம் புரியும். பாட்டனின் பெயரை அந்த ஏட்டில் தேடிக் கண்டுபிடித்து பிரெஞ்சுக் குடியுரிமை கேட்கும் பேரன்மார் இன்றும் காரைக்காலில் உண்டு.

தேர்தல் விஷயத்திலும் கொம்யூன் காலத்தை விடிந்த காலமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பாதி உண்மை. நாகப்பட்டினத்துக்கு 1866இல் நகராட்சி வந்தபோது உறுப்பினர்கள் நியமனம், கலெக்டரே தலைவர். காரைக்காலில் நிலமில்லாத ஆண்மகனும் வாக்குச்சீட்டு போட்டான். பாரீஸ் நாடாளுமன்றத்துக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பவும் அவனுக்கு வாக்கு இருந்தது. மறுபாதியையும் சொல்ல வேண்டும். 1884இல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியரும் அவர் வழித்தோன்றல்களும் ஒன்று, சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறிய இந்தியர் ஒன்று, மாறாத மற்றெல்லாரும் ஒன்று. கைவிரலில் எண்ணிவிடக்கூடிய வெள்ளைக்காரர்களும், லட்சக்கணக்கில் இருந்த மற்றவர்களும் ஆளுக்கொரு பட்டியல். பட்டியல் பின்னர் இரண்டானது. ஒன்றாக ஆவதற்கு 1945 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வாக்குப்பதிவு நாளில் நடந்த கூத்து தனிக் கதை. தடியோடு ஆட்கள் சாவடியை வளைத்துக்கொள்வார்கள். காலையிலேயே ஊர் முழுவதும் வாக்களித்து முடித்திருக்கும், செத்தவர்கள் உட்பட. 1914இல் பால் ரிஷார் பிரதிநிதி தேர்தலில் நின்றபோது புதுச்சேரியில் பாரதியார் முதலானோர் அவருக்கு ஆதரவு. அவருக்கு விழுந்த வாக்குகள் எண்ணிக்கையில் எப்படிக் காணாமல் போயின என்று அரவிந்தர் அப்போது எழுதிய கடிதம் ஒன்றில் குறைப்படுகிறார்; காரைக்கால் பக்கமும் அந்தக் குறையில் வருகிறது. மேயர் பதவிக்கு இவ்வளவு அடிதடி ஏன் என்று கேட்கலாம். சாவடி அமைப்பது, பட்டியல் வைத்திருப்பது, எண்ணி முடிப்பது எல்லாம் மேரியின் வேலை. மேரி யார் கையிலோ பிரதிநிதி பதவி அவர் கையில். பாரீஸுக்குப் போகும் வழி ஊர்ச் சந்தைக் குத்தகை வழியாகத்தான் போனது.

படை இல்லாத ஊர் என்றேனே, அதற்கு ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். பாசறை காரைக்காலில் இல்லை. ஆனால் படைவீரர்கள் இங்கிருந்து போனார்கள். 1881 ஆணைப்படி சட்டம் மாறியவர்களின் பிள்ளைகள் சைகோனில் குமாஸ்தாவாகவும் காவலராகவும் போனார்கள், பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார்கள், முதல் உலகப் போரில் பிரான்சுக் களத்தில் நின்றார்கள். ஓய்வு பெற்றுத் திரும்பியவருக்கு ஊரில் சொல்தா என்று பெயர். சொல்தா வீட்டுக்கு பிராங்கில் பென்ஷன் வந்தது. அந்தப் பணத்தில் மாடி வீடும் வந்தது. காரைக்காலில் போர் நினைவுச் சின்னத்தின்முன் நவம்பர் 11 அன்று மாலை வைக்கும் வழக்கம் அவர்கள் வழியாக நிலைத்தது.

இவ்வளவும் ஊருக்குள். கரையில் யார் ஆண்டார்கள்? கிளிஞ்சல்மேட்டைப் போன்ற மீனவர் ஊர்களில் கோட்டைக்கும் மேரிக்கும் முந்திய அரசாங்கம் ஒன்று இருந்தது, இன்றும் இருக்கிறது: ஊர்ப் பஞ்சாயத்து. மணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. கோயில் திருவிழா, கடலில் காணாமல் போனவரைத் தேடும் செலவு, அடுத்த ஊர்ப் படகோடு வலை சிக்கிக்கொண்டால் வழக்கு, ஊரில் சாவு விழுந்தால் கடலுக்குப் போகாமல் நிற்கும் கட்டுப்பாடு எல்லாம் பஞ்சாயத்தார் முடிவு. எந்த வலை கூடும், எந்த வலை கூடாது என்பதும் அங்கேதான் பேசப்படும். சுருக்குமடி வலைச் சண்டையில் அரசாங்க உத்தரவு வருவதற்கு முன்பே கரையோர ஊர்கள் கூடிக் கூடிக் கலைந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கிளிஞ்சல்மேட்டை வாரிக்கொண்டு போன பிறகும், வந்த நிவாரணத்தை யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பதற்கு அதிகாரிகள் தேடி வந்தது பஞ்சாயத்தாரைத்தான். தலைக்கட்டுக் கணக்கு அவர்களிடம் இருந்தது. நகராட்சியின் கணக்குக்கு அவ்வளவு சூடு இல்லை.

இதைப் புகழ்ந்துவிட்டுப் போக மனம் வரவில்லை. தலைக்கட்டில் பெண்ணுக்கு இடமில்லை. விதவை நடத்தும் வீடு ஒரு முழு வீடா என்பதே விவாதம். கட்டுப்பாட்டை மீறியவரை ஊர்விலக்கு வைத்த வழக்குகள் இந்தக் கரை முழுவதும் உண்டு. ஆனால் ஒன்று: 280 வருஷத்தில் கொடி எத்தனையோ முறை மாறியும், கூட்டம் கூடுவது நிற்காத ஒரே சபை அது.

மேரிக்கு வருவோம். அதன் உச்சநேரம் யாரும் எதிர்பாராத விதத்தில் வந்தது. 1947க்குப் பிறகு பிரெஞ்சிந்தியா என்ன ஆவது என்ற கேள்வி. காரைக்காலில் லெயோன் சேன் ழான், பக்கிரிசாமிப் பிள்ளை முதலானவர்கள் விடுதலைப் பக்கம் ஆள் திரட்டினார்கள். 1948 ஜூனில் டெல்லியும் பாரீஸும் ஒரு வழி கண்டன: மக்கள் வாக்கெடுப்பு நடத்துவது, எப்போது எப்படி என்று நகரசபைகளே சொல்லட்டும். சாக்கடையும் சந்தையும் பார்க்கிற சபை, எந்த நாட்டோடு இருப்பது என்று நாள் குறிக்க வேண்டும்! அந்த அக்டோபரில் நடந்த நகரசபைத் தேர்தல் அதனால்தான் போர்க்களமானது. அப்போது பிரான்ஸ் பக்கம் நின்ற எதுவார் குபேரின் சோஷலிஸ்டு கட்சி பெருவாரியாக வென்றது. 1949இல் இந்தியா சுங்க எல்லையை இறுக்கியது. வயலிலிருந்து வீட்டுக்குப் போகச் சோதனைச்சாவடி தாண்ட வேண்டிய நிலை. காரைக்கால் நிலப்பரப்பு தஞ்சை மாவட்டத்துக்குள் தீவாகக் கிடந்ததால் இந்த இறுக்கம் இங்கே கழுத்தைப் பிடித்தது.

குபேர் 1954இல் கட்சியோடு திசை திரும்பினார். மார்ச் 18 அன்று புதுச்சேரிப் பகுதிக் கொம்யூன்களின் மேயர்கள், வாக்கெடுப்பே வேண்டாம், இந்தியாவோடு சேர்கிறோம் என்று தீர்மானம் போட்டார்கள். காரைக்கால் கொம்யூன்கள் பின்தொடர்ந்தன. அக்டோபர் 18 அன்று புதுச்சேரிப் பகுதியிலுள்ள கீழூரில் கூடியவர்கள் 178 பேர்: சட்டசபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களும். இணைப்புக்கு 170, எதிராக 8. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16இல்தான் முடிந்தது.

1739இல் சக்கரமும் படையும் சேர்ந்து வாங்கிய காரைக்காலை, 1954இல் வார்டு உறுப்பினர்கள் கைதூக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலில் தடியால் ஜெயித்தவர்கள் எத்தனை பேர் இருந்தார்களோ! இருந்தாலும் ஒரு குண்டு வெடிக்காமல் ஒரு சாம்ராஜ்யம் கணக்கு முடித்துக்கொண்டு போனது அவர்கள் கையெழுத்தில்தான்.

அப்படிப்பட்ட சபைகளுக்குச் சுதந்திர இந்தியா என்ன மரியாதை செய்தது? 1968இல் ஒரு நகராட்சித் தேர்தல் நடந்தது. 1973இல் நகராட்சிகளுக்கு ஒரு சட்டம், கிராம, கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கு ஒரு சட்டம் வந்தன; மேயருக்குப் பதில் நகராட்சித் தலைவர். தேர்தல் மட்டும் வரவில்லை. அதிகாரிகளே ஆண்டார்கள். 38 ஆண்டு கழித்து, நீதிமன்றத்தின் நெருக்குதலுக்குப் பிறகு, 2006இல் மறுபடி வாக்குப்பெட்டி வந்தது. அந்தச் சபைகளின் காலம் 2011இல் முடிந்ததும் பழைய கதைதான். 2021இல் தேர்தல் அறிவிப்பு வந்தும் வழக்குகளில் சிக்கி வாக்குப்பதிவு நடக்காமல் போயிற்று. கண்டோன்மென்ட் பக்கம் இதைவிட நன்றாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. அங்கே கடைசித் தேர்தல் 2015இல். 2023 ஏப்ரலில் நடத்துவதாக அறிவித்த தேர்தலை மார்ச்சிலேயே திரும்பப் பெற்றார்கள். கோட்டை இருக்கிற ஊருக்கும் கோட்டை போன ஊருக்கும் இந்த ஒரு விஷயத்தில் பேதமில்லை.

கோட்டையை இழந்தபின்னும் பிரான்ஸ் காரைக்காலில் ஒரு வாக்குச்சாவடியை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்காக, அந்நாட்டு அதிபர் தேர்தலின்போது அது திறக்கும்; 2017இலும் திறந்தது, 2022இலும் திறந்தது. சொல்தா வீட்டுப் பாட்டிமார் அடையாள அட்டையோடு போய் பாரீஸில் யார் ஆள்வது என்று சீட்டுப் போட்டுவிட்டு வந்தார்கள். தங்கள் தெருவிளக்குக்குப் பொறுப்பான வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க அவர்களின் அண்டை வீட்டு இந்தியக் குடிமகனுக்கு அந்த இரண்டு ஆண்டிலும் வாய்ப்பில்லை.

அடுத்த இதழில் அரசலாற்றின் முகத்துவாரத்திலிருந்து கப்பலேறுவோம். 1861 ஒப்பந்தத்துக்குப் பிறகு ரெயூனியனுக்கும் மர்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கூலிகளாகப் போனவர்களின் கதை.

(தொடரும்)